நாற்பத்தொன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி

பிப்ரவரி 4

திட்டத் தலைவர் அவர்களுக்கு,

இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்தின் நிறைவு அறிக்கை, அச்சுக்குப் போகும் முன் பார்வைக்காக, நேற்றுத் தபாலில் வந்தது. உறையில் என் கணவரின் பெயர் இருந்தது. அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. முகவரி ஒட்டுகிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரியும்.

நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் படித்தேன். அச்சுப் பிழைகள் பதினேழு. தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். பதினெட்டாவது பிழைக்காக இந்தக் கடிதம். நாற்பத்தொன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி: "கருவிப் பொறியாளரின் கவனக்குறைவால் இரு கோள்களின் திருத்த அட்டவணைகளும் இடம் மாறின. இதனால் முதல் பதினொரு மாத அளவீடுகள் தவறாகி, அவற்றை வைத்து வெளியான ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது."

நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். குடையை எங்கே வைத்தார் என்று தெரியாது. மகளின் பிறந்த தேதி தெரியாது. வீட்டுச் சாவியை வாரத்துக்கு இரண்டு நாளாவது அலுவலகத்தில் விட்டுவிட்டு வந்து கதவைத் தட்டுவார். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவெடுப்பதில் அந்த மனிதருக்குக் கவனம் தப்பியதே இல்லை.

அந்த வரியை எடுத்துவிட வேண்டும். ஏப்ரல் முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருப்பதால், அவகாசம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

அவர் இறந்த அன்று வாசல்வரை வந்து, உள்ளே வராமலே திரும்பிப் போனவர் நீங்கள். இதையாவது முடித்துவைத்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
கருவிப் பொறியாளரின் மனைவி

*

பிப்ரவரி 12

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினேழு பிழைகளையும் திருத்தச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்கள் மூன்று பேர் பார்த்தும் அகப்படாதவை அவை.

ஒன்பதாம் வரி நான் இட்டுக்கட்டியது இல்லை. சார் தன் கைப்பட எழுதிக்கொடுத்த விளக்கத்தில் இருந்த வாசகம். "கவனக்குறைவு" அவர் போட்ட சொல். கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. வேண்டுமானால் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டு "தவறுதலாக" என்று போடுகிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது. தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள்.

திரும்பப் பெறப்பட்ட அந்தக் கட்டுரை என்னுடையது. அதற்குப் பிறகு ஆறு வருடம் எந்தக் கூட்டத்திலும் நான் எழுந்து பேசினால் யாராவது ஒருவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். அந்த வரியில் சார் மட்டும் இல்லை, நானும் இருக்கிறேன்.

இன்னொன்று. அன்றைக்கு வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். நீங்கள்தான் கதவு நிலையில் கையை வைத்து நின்றீர்கள். "இந்த வீட்டுல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு மறந்திருக்கலாம்.

எப்போதும் என்னை "நீ" என்றுதான் கூப்பிடுவீர்கள். கடிதம் முழுக்க "நீங்கள்" என்று இருந்ததைப் படித்தபோது, வேறு யாருக்கோ வந்த தபாலைப் பிரித்துவிட்டேனோ என்று தோன்றியது.

பணிவுடன்,
வால்

*

பிப்ரவரி 19

திட்டத் தலைவர் அவர்களுக்கு,

"வால்" என்பது என் கணவர் உங்களுக்கு வைத்த பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்து அவர் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வைத்தது. அந்தப் பெயரில் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

"தவறுதலாக" என்ற சொல்லையும் நான் ஏற்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

அவர் காந்தமானிகளைச் சோதித்த அறையை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாத மரக் கொட்டகை. உள்ளே போகும்போது பெல்ட், கடிகாரம், சாவி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வெளியே ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டுப் போவார். சாவி வீட்டுக்கு வராமல் போனது அதனால்தான். கண்ணாடி இல்லாமல், மூக்கு தாளில் உரச, பென்சிலால் எழுதுவார். ஒரு கருவிக்கு எண்பத்து நான்கு அளவுகள். ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே ஒரு கோணல் உண்டு, அந்தக் கோணல் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மேலே போய் அது சொல்லும் எண்ணை நம்பலாம் என்பார். அதற்குத்தான் திருத்த அட்டவணை.

எதற்கு இரண்டு கோள், ஒன்று போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "தெருவுல நடந்து போறே. திடீர்னு முகத்துல சூடு அடிக்குது. பேக்கரி வாசல் அங்க இருக்கா, இல்ல சூடான காத்து ஒண்ணு சும்மா கடந்து போச்சா? உன்னால சொல்ல முடியாது. நாலு நிமிஷம் பின்னால நான் வரேன். எனக்கும் அதே இடத்துல சுட்டா அது பேக்கரி. சுடலைன்னா காத்து." சூரியனிலிருந்து வரும் புயல் பூமிக்கு மேலே என்ன செய்கிறது, எது நிலையாக நிற்கிறது, எது கடந்து போகிறது என்று கண்டுபிடிக்க ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக இரண்டு. முன்னால் போவது அக்கா, பின்னால் வருவது தங்கை. அந்தப் பெயர்களும் அவர் வைத்தவைதான். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை வித்தியாசத்தைத்தான் தேடுகிறீர்கள் என்றால், அவற்றின் கோணல்களை மாற்றிப் போட அந்த மனிதர் பைத்தியமா?

இன்னும் கேளுங்கள். அவருடைய கையெழுத்து அவருக்கே புரியாது. தட்டச்சு செய்கிறவரிடம் கொடுத்தால் எண்கள் நாசமாகும். அதனால் பென்சில் நோட்டைப் பார்த்து ஃபேர் காப்பி எழுதியது நான். கான்வென்டில் மதர் அளவுகோலால் முட்டியில் தட்டித் தட்டி வரவழைத்த கையெழுத்து. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்தேன். எண்களில் பிழை இல்லை என்று எந்தச் சபையிலும் சொல்வேன். அப்படியானால் பிழை என் வீட்டைத் தாண்டி, உங்கள் அலுவலகத்தில் நடந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது நானும் அதை நம்பினேன். அவர் ராஜினாமா செய்துவிட்டு வந்த அன்று கேட்டேன்: "கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதா? நானா இருந்தா இப்படி ஒரு தப்பு வந்திருக்குமா?" "வந்திருக்காது" என்றார். காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். அதற்குப் பிறகு இரண்டு வருடம், குடை தொலைந்தாலும் பால் பொங்கினாலும் அதே பேச்சைத்தான் எடுத்தேன். ஒருநாளும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை உங்கள் கூட்டம் அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பென்சில் நோட்டையும் ஃபேர் காப்பியையும் எனக்கு அனுப்புங்கள். நோட்டு வீட்டில் இல்லை. தேடிவிட்டேன்.

இப்படிக்கு,
கருவிப் பொறியாளரின் மனைவி

*

மார்ச் 3

அம்மா,

நோட்டு என்னிடம் இருக்கிறது. அனுப்ப மாட்டேன். அதைக் கேட்காதீர்கள், ஏன் என்றும் கேட்காதீர்கள்.

உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன். கோள்கள் மேலே போய்ப் பதினோராவது மாதம். சூரியன் சாதுவாக இருந்த ஒரு வாரம். அந்த மாதிரி நாளில் அக்காவும் தங்கையும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. எப்போதும் போல இரண்டுக்கும் நடுவில் அதே வித்தியாசம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான், புயல் ஓய்ந்த பிறகும் ஒரு மெல்லிய மின்னோட்டம் ஓடுகிறது என்று நான் கட்டுரை எழுதி, பாராட்டெல்லாம் வாங்கியிருந்தேன். "புயலே இல்லாத நாளிலும் ஏன் ஓடுகிறது?" என்று வெளியிலிருந்து ஒருவர் ஒரே வரியில் கேட்டு எழுதியிருந்தார். ஆறு பேர் கணினியைச் சுற்றி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வால், சும்மா ஒரு வேலை செய். அக்கா அட்டவணையைத் தங்கைக்குப் போடு. தங்கையோடதை அக்காவுக்குப் போடு."

"என்ன சார், விளையாடறீங்களா?"

"போடேன்."

போட்டேன். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. என் கட்டுரை செத்துப்போனதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சார் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். ஃபேர் காப்பியை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. மூடினார். "என் தப்புதான்" என்றார். அவ்வளவு வேகமாகத் தன் தப்பை ஒப்புக்கொண்ட ஒரு மனிதரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இதற்கு மேல் என்னை எழுத வைக்காதீர்கள். அவர் இருந்திருந்தால் உங்களிடம் இதையேதான் சொல்லியிருப்பார்.

வால் (வேறு பெயரில் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை)

*

மார்ச் 10

திட்டத் தலைவர் அவர்களுக்கு,

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கே சொல்லித் தருகிறீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குப் புரிந்தது இதுதான். அட்டவணைகளை மாற்றிப் போட்டது வேறு யாரோ. அந்த யாரோவைக் காப்பாற்ற அவர் பழியை ஏற்றுக்கொண்டார். அவர் அப்படிப்பட்டவர்தான். அவர் காப்பாற்ற நினைக்கக்கூடிய ஆள் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். பின்னாலேயே சுற்றிய பெண்.

நோட்டை ஏன் அனுப்ப மாட்டீர்கள் என்று இனி நான் கேட்கப் போவதில்லை. இயக்குநர் கேட்பார். இதுவரை நமக்குள் போய்வந்த கடிதங்களின் நகல்களை, என் குற்றச்சாட்டோடு, இன்று பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
கருவிப் பொறியாளரின் மனைவி

*

மார்ச் 21

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, விசாரணைக்கு உத்தரவு போட்டிருக்கிறார். நோட்டை வரும் திங்கட்கிழமை அவர் மேஜையில் வைக்க வேண்டும். வைத்தால் அலுவலகம் முழுக்கப் பார்க்கும். அதற்கு முன் நீங்கள் பார்ப்பது மேல்.

"இது வீட்டுல இருக்க வேண்டாம், வால். உன்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லித்தான் சார் கொடுத்தார். யாருக்கும் காட்ட மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இவ்வளவு காலம் காப்பாற்றினேன். காப்பாற்ற விடவில்லை நீங்கள்.

இரண்டு தாள்களின் நகல் இணைத்திருக்கிறேன். ஒன்று நோட்டில் ஒரு பக்கம். இன்னொன்று அதே பக்கத்தின் ஃபேர் காப்பி. தலைப்பை மட்டும் பார்த்தால் போதும். கையெழுத்து யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

*

ஏப்ரல் 9

வாலுக்கு,

தாள்கள் வந்து பதினைந்து நாள் ஆகிறது. முதலில் என் மூக்குக்கண்ணாடியைக் குறை சொன்னேன். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

அவருடைய பென்சில் எழுத்தில், பக்கத்தின் தலையில், "கருவி 2 — அக்கா" என்று இருக்கிறது. கோழி கிளறியது போல இருந்தாலும் படிக்க முடிகிறது. என்னுடைய தாளில் "கருவி 2 — தங்கை" என்று, அடிக்கோடு போட்டு, அழகாக இருக்கிறது. கீழே உள்ள எண்கள் எல்லாம் சரி. எண்பத்து நான்கும் சரி.

அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம். சாப்பாட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார், வாய் திறந்து. தலைப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா எப்படி இரண்டாவதாக இருக்க முடியும்? ஒன்று என்றால் மூத்தவள், இரண்டு என்றால் இளையவள், குழந்தைக்குக்கூடத் தெரியும். மகளின் பிறந்த தேதியையே தப்பாக எழுதிக் கொடுத்து மூன்று விண்ணப்பங்கள் திரும்பி வந்த வீடு எங்கள் வீடு. இதுவும் அந்த ரகம் என்று நினைத்தேன். எழுப்பிக் கேட்கவில்லை. அவர் தப்பை நான் திருத்தினால் அவரிடம் சொல்வது வழக்கமில்லை. அவரும் பார்ப்பது வழக்கமில்லை. ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக மாற்றி எழுதி, மறுநாள் காலையில் உறையில் போட்டுக் கொடுத்தேன். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு" என்றார். நான் அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

ஏன் எண்கள் மாறியிருந்தன என்று இப்போது கேட்கிறேன். பதில் சொல்.

பிறகு ஒன்று சொல்கிறேன். நான் அழுவேன், மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தால் அதற்கு வேறு ஆளைப் பார். எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு வருடம் அவரை வாயில் போட்டு மென்றேன். "நானா இருந்தா" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவர் தலையாட்டுவார். எத்தனை முறை ஆட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. ஒரே ஒருமுறை, "நிறுத்துடி, எழுதினது நீ" என்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் சரியாகியிருப்பேன். என்னைத் தாங்க மாட்டாதவள் என்று முடிவு கட்டிவிட்டார். என்னைக் கேட்காமலே என்னை மன்னித்துவிட்டு, அதையும் உன்னிடம் கொடுத்துப் பூட்டி வைத்துவிட்டார். எனக்குச் சேர வேண்டிய குற்றம் அது. உன் மேஜை இழுப்பறையில் அதற்கு என்ன வேலை?

உன் மேல் பழி போட்டு இயக்குநருக்கு எழுதியது தவறு. அதைத் திரும்பப் பெறுவதாக அவருக்கு எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
பொறியாளரின் மனைவி

*

ஏப்ரல் 17

அம்மா,

கேட்டதற்குப் பதில். சோதனையின்போது முதல் கருவியில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். அக்காவோ உடனே ராக்கெட்டில் பொருத்தும் இடத்துக்குப் போயாக வேண்டும். அதனால் இரண்டாவது கருவியை அக்காவில் வைத்தோம். சரியான பிறகு முதலாவது தங்கைக்குப் போனது. இவ்வளவுதான். நீங்கள் எழுப்பிக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

விசாரணை முடிந்தது. இயக்குநருக்கு மரியாதைப்பட்ட மனசு. "படியெடுத்ததில் நேர்ந்த பிழை" என்று மட்டும் போட்டு, யாரையும் சுட்டாமல் முடித்துவிடலாம் என்கிறார். எனக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த பிறகு உட்கார முடியவில்லை.

நான் உங்களைப் பல வருடம் வெறுத்தேன். அதை மறைக்கவில்லை. உங்கள் அடிக்கோட்டால் போனது என் வாழ்க்கை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நினைத்துக்கொள்வேன். வாசலில் என்னைத் தடுத்தபோது, உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வாய் வரை வந்தது. சார் உள்ளே படுக்கவைக்கப்பட்டிருந்தார். முழுங்கிவிட்டேன்.

ஆனால் நோட்டின் நகலை எடுக்கும்போது ஃபேர் காப்பியின் கீழ் ஓரத்தை மடக்கி வைத்து எடுத்தேன். உங்களுக்கு வந்த தாளில் அது இருக்காது. அங்கே ஒரு வரி உண்டு: "மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்." அதன் பக்கத்தில் என் கையெழுத்து. ஃபேர் காப்பியை இன்னொருவர் நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும் என்பது எங்கள் விதி. நான் ஒப்பிடவில்லை. உங்கள் எழுத்து அவ்வளவு சுத்தமாக இருந்தது. இதில் போய் என்ன தப்பு இருக்கப் போகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

சார் அதையும் பார்த்தார். உங்களை மட்டும் காப்பாற்றவில்லை. என்னிடம் சத்தியம் வாங்கியபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

பத்து நாளாகத் தங்கை பேசவில்லை. மின்கலம் போய்விட்டது. அக்கா மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று ஒரு பெரிய ஏற்றத்தைக் காட்டியது. அது நிற்பதா, கடந்து போவதா என்று சொல்ல எங்களிடம் வழி இல்லை.

வீட்டுக்கு வரட்டுமா?

வால்

*

ஏப்ரல் 22

வாலுக்கு,

அப்படியானால் நாம் இருவருமே ஒரே தாளில் இருந்திருக்கிறோம். மேலே நான், கீழே நீ, நடுவில் குற்றமில்லாத எண்பத்து நான்கு எண்கள். நீ ஓரத்தை மடக்கினாய் என்பதைப் படித்தபோது உன்னை அறையத் தோன்றியது. நிமிர்த்திக் காட்டினாய் என்பதால் விடுகிறேன்.

இயக்குநரின் மரியாதைப்பட்ட மனசு எனக்கு வேண்டாம். "நேர்ந்த பிழை" என்றால் என்ன? பிழை தானாக நடந்து வந்து தாளில் உட்காராது. ஏற்கெனவே ஒரு மனிதர் யாரையும் சுட்டாமல் முடிக்கப் பார்த்துத்தான் இவ்வளவும். நாற்பத்தொன்றாம் பக்கம், ஒன்பதாம் வரிக்குப் பதில் கீழே உள்ளது வர வேண்டும். ஒரு சொல் குறையக் கூடாது, கூடவும் கூடாது.

"கருவிப் பொறியாளரின் குறிப்பேட்டில் பிழை எதுவும் இல்லை. அதைப் படியெடுத்த அவர் மனைவி, அவரைக் கேட்காமல் இரு தாள்களின் தலைப்புகளை மாற்றி எழுதினார். ஒப்பிட்டதாகக் கையெழுத்திட்ட இன்றைய திட்டத் தலைவர் ஒப்பிடவில்லை. இது தெரிந்தும் பொறியாளர் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். அது மட்டுமே அவர் செய்த தவறு."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடு என்று சொல்வார்கள். விட்டுக்கொடுக்காதே. அது அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில். வேறு எங்கே சொல்வேன்?

உன் பெயர் கெடும். கெடட்டும். என் பெயரும் கெடுகிறது. எனக்கு வயது அறுபத்தெட்டு. கெடுவதற்கு அதிக நாள் இல்லை. உனக்கு இருக்கிறது. அது உன் பாடு.

வரலாம். நோட்டைத் தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா. வாசலில் நான் கையை வைத்து நின்றது எனக்கு மறக்கவில்லை. முதல் கடிதத்தில் பொய் எழுதினேன்.

மேலே உள்ள வாசகத்தை நாலு முறை எழுதிப் பார்த்துவிட்டு, இந்தத் தாளில் ஃபேர் காப்பி எடுத்திருப்பது நான்தான். அச்சுக்குக் கொடுக்கும் முன் வரிக்கு வரி யாராவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நாலு தாள்களையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
படியெடுத்தவள்